அம்மன் பேரில் எடுத்த பிடியரிசி

1. நாற்காலி இல்லாத முதல் நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அந்த அலுவலகத்தில் எனக்கு நாற்காலி இல்லை. ஒரு பெண்ணை வேலைக்கு எடுப்பது என்று கமிட்டியில் தீர்மானம் போட்டிருந்தார்கள். ஆனால் அந்தப் பெண் நிஜமாகவே வந்து நிற்பாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. செயலாளர் ஒரு வக்கீல். தங்கமான மனுஷர், ஆனால் எதற்கெடுத்தாலும் பதறுவார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து தன் நாற்காலியையே என் பக்கம் தள்ளினார்.

"உக்காரும்மா. நாளைக்கு ஒண்ணு வாங்கிடலாம்."

"அப்ப நீங்க எங்க உக்காருவீங்க?"

"நான் கோர்ட்டுக்குப் போயிடுவேன்" என்றார். சொன்னபடியே போயும் விட்டார்.

அது யுத்தம் வருவதற்கு முந்தைய காலம். சேலம் அம்மாபேட்டையில் ஒரு ஜவுளிக் கடையின் மாடி அறைதான் அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் தெரு முழுக்கத் தறிச் சத்தம். எங்கள் வீட்டிலும் தறிதான். பிறந்த வீட்டில் தறிக்கு நூலைத் தார் சுற்றினேன், புகுந்த வீட்டிலும் தார் சுற்றினேன். நடுவில் எட்டாவது வரை படித்தது ஒன்றுதான் நான் செய்த வேறு வேலை. அதை வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்துவிட்டேன்.

சேலம், ஓமலூர், ராசிபுரம், நாமக்கல் பக்கத்து ஊர்களில் அப்போது சின்னச் சின்னச் சங்கங்கள் நிறைய இருந்தன. படிப்பகம், இரவுப் பள்ளிக்கூடம், மாதர் சங்கம், திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் போடும் வாலிபர் சங்கம் என்று ஊருக்கு ஒன்று. எந்த நிதி எதற்கு உதவி தருகிறது, எந்த ஊருக்குத் தொண்டர்கள் தேவை, எங்கே புத்தகம் இனாமாகக் கிடைக்கும் என்று மாதம் ஒரு சர்க்குலர் எழுதி அவர்களுக்கு அனுப்புவது எங்கள் வேலை. ஸ்டென்சில் வெட்டுவது, மை உருட்டுவது, மடிப்பது, தபால் தலை ஒட்டுவது எல்லாம் நான்தான். முழங்கை வரை மை இருக்கும். சாயம் பட்ட கையோடு வளர்ந்தவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அந்த வேலையை நான் அவ்வளவு ஆசையாகச் செய்தேன். இன்றைக்கும் யாராவது "சர்க்குலர்" என்று சொன்னால் என் காது நிமிரும்.

அதை ஊரில் எப்படிப் படித்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். ஓமலூர்ப் படிப்பகத்தின் காரியதரிசி ஒருமுறை அலுவலகத்துக்கு வந்து மனதாரப் பாராட்டினார்.

"உங்க சர்க்குலர் ரொம்ப நல்லா இருக்குதுங்கம்மா. காயிதம் நல்ல கெட்டி. பொட்டணம் கட்டுனா பிரியறதே இல்லீங்க."

அவருக்கு மளிகைக் கடை. வக்கீல் ஐயா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

2. நர்சு கேட்டு வந்த நாச்சாயி

ஒரு மாதம் சர்க்குலரில் இப்படி ஒரு செய்தி போட்டோம். சென்னையில் உள்ள ஒரு தர்ம நிதி, கிராமத்துக்குப் பயிற்சி பெற்ற பிரசவ நர்ஸ் ஒருவரை அனுப்பிச் சம்பளமும் கொடுக்கும். அந்த ஊர் மாதர் சங்கம் நர்சுக்கு இடமும் சாப்பாடும் தர வேண்டும். ஒரே ஒரு பணக்காரர் கொடுத்தால் போதாது. ஊர்ப் பெண்கள் கூடிக் கொடுக்க வேண்டும். நிதியின் சார்பில் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் நர்ஸ் திரும்பிப் போய்விடுவார்.

எல்லாச் சங்கமும் பதில் எழுதுமென்று காத்திருந்தோம். பதில் எழுத்தில் வரவில்லை, காலால் நடந்து வந்தது. புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே உள்ள ஒரு ஊரிலிருந்து நாச்சாயி என்ற அம்மாள் பஸ் பிடித்து வந்து, படியேறிய மூச்சு அடங்குவதற்குள் கேட்டார்.

"ஏனுங்க, இங்கதான நர்சு குடுக்கறாங்களாமா?"

வக்கீல் ஐயா நிதியின் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்தார். நாச்சாயி அவரை விட்டுவிட்டு என் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"அம்மிணி, என்ற மூத்த மருமவ வலி எடுத்து நாமக்கல்லுக்கு வண்டி கட்டிப் போறப்ப வழியிலயே போயிட்டா. புள்ளையும் போச்சு. இப்ப ரெண்டாமவன் பொண்டாட்டி முழுகாம இருக்கறா. அவளையும் அந்த வண்டியில ஏத்த என்னால ஆவாதுங்க. நாங்க என்ன பண்ணோணும், அத மட்டும் சொல்லுங்க."

பிடியரிசித் திட்டத்தைச் சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலும் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட வேண்டும். வாரம் ஒரு நாள் சங்கத்தார் வந்து சேகரிப்பார்கள். பள்ளிக்கூடம், அனாதை இல்லம் என்று எத்தனையோ காரியங்கள் அப்போது அப்படித்தான் நடந்தன.

நாச்சாயி சற்று யோசித்தார். "நர்சுக்குன்னு சொன்னா நாலு நாளைக்குப் போடுவாங்க, பொறவு மறந்துபோடுவாங்க. மாரியாத்தா பேரச் சொல்லி எடுக்கச் சொல்லறேன். கோயல் மண்டபத்துலயே அண்டாவ வெச்சுப்போடலாம். அப்ப எவ மறப்பா?"

அருமையான யோசனை என்று நானும் கை தட்டினேன். வக்கீல் ஐயாவும் தலையாட்டினார்.

3. எஸ்தர்

நிதியார் அனுப்பிய நர்சின் பெயர் எஸ்தர். மிஷன் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றவள், அதிகம் பேசமாட்டாள். நாச்சாயி தன் வீட்டை ஒட்டிய விதை அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, ஒரு கயிற்றுக் கட்டிலும் போட்டுக் கொடுத்தார். முதலில் யாரும் வரவில்லை. பிறகு ஒருத்தி வந்தாள். அவள் பிழைத்துப் பிள்ளையோடு வீட்டுக்கு நடந்து போனதைப் பார்த்ததும் மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். வாரா வாரம் அண்டாவும் நிறைந்தது. நான் பெருமையாகச் சர்க்குலரில் எழுதினேன். எங்கள் வேலையில் இப்படிக் கண்ணுக்குத் தெரிகிற பலன் கிடைப்பது அபூர்வம்.

ஒன்று மட்டும் நான் எழுதவில்லை. ஊருக்குத் தெற்கே ஓடையைத் தாண்டிப் பண்ணையத்து வேலைக்காரர்கள் ஒதுங்கிக் குடியிருந்த வளவு இருந்தது. அங்கிருந்து யாரும் கோயில் மண்டபத்தில் ஏறமுடியாது, நாச்சாயியின் வீட்டு வாசலுக்கும் வரமுடியாது. அதனால் அவர்களை யாரும் அரிசி கேட்கவும் இல்லை. அங்கே யாருக்காவது வலி கண்டால் எஸ்தர் பொழுது சாய்ந்தபின் கொல்லை வழியாகப் போய்வருவாள். நாச்சாயிக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருந்தார். எனக்கும் தெரியும். காரியம் நடந்தால் சரி என்று ஊரே நினைத்தது.

4. எல்லாப் பானையும் மூடிய வாரம்

சென்னையிலிருந்து பார்வையிட வருகிறவர் ஒரு வெள்ளைக்காரத் துரைசானி அம்மாள் என்று தகவல் வந்தது. வக்கீல் ஐயா கோர்ட்டுக்கு லீவு போட்டுவிட்டார். அவரும் நானும் துரைசானி அம்மாளும் காரில் போய் இறங்கியபோது நாச்சாயி தெருமுனையிலேயே நின்றுகொண்டிருந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"என்னங்க ஆச்சு?" என்றேன்.

"கோளாறாப் போச்சு அம்மிணி. மேக்கால ஊட்டுச் செல்லம்மாளுக்கு நேத்துப் புள்ள பொறந்துபோச்சு. ஆம்பளப் புள்ள. நர்சம்மாதான் எடுத்தாங்க."

"நல்லதுதானே?"

"நல்லதுதானுங்க. ஆனாத் தெருவே தீட்டாச்சே!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் தெருவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பங்காளிகள். ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் பங்காளி வீடுகளுக்கெல்லாம் பிறப்புத் தீட்டு. தீட்டு வீட்டிலிருந்து அம்மன் பேரில் ஒரு மணி அரிசி எடுக்க முடியாது, கோயில் அண்டாவைத் தொடவும் முடியாது. பிரசவத்துக்கென்று சேர்க்கிற அரிசி, பிரசவம் நடந்தால் நின்றுபோகும். அதுவரை பிறந்த பிள்ளைகள் பக்கத்து ஊர்களிலும், தாய்வீடு வந்த பெண்களுக்கும் பிறந்ததால் யாருக்கும் இது தோன்றவில்லை. எட்டாவது படித்த எனக்கும் தோன்றவில்லை, சட்டம் படித்தவருக்கும் தோன்றவில்லை, அம்மனைத் துணைக்கு அழைத்த நாச்சாயிக்கும் தோன்றவில்லை. இப்படி ஒரு முடிச்சை நம் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாராலும் போட முடியாது.

துரைசானி அம்மாள் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. சமையல்காரரிடம் கற்ற தமிழோடு முதல் வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டார்.

"அம்மா, நர்சுக்கு அரிசி கொடுக்கிறாயா?"

"இன்னிக்கு ஆவாதுங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அடுத்த வீடும் அப்படியே, அதற்கடுத்த வீடும் அப்படியே. ஒருத்தி கதவையே சாத்தினாள். துரைசானி அம்மாளின் முகம் ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது.

வக்கீல் ஐயா வியர்த்துப்போய் நாச்சாயியின் காதருகில் குனிந்தார். "நான் கார் அனுப்பிப் புதுச்சத்திரத்துல ஒரு மூட்டை அரிசி வாங்கியாறச் சொல்றேம்மா. அண்டாவில கொட்டிக் காட்டிடலாம்."

"அம்மன் பேரச் சொல்லிப் பொய்க்கணக்குக் காட்டச் சொல்லறீங்களா வக்கீலய்யா?" என்று நாச்சாயி உரக்கவே கேட்டுவிட்டார். வக்கீல் ஐயா ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

நான் துரைசானி அம்மாளிடம் தீட்டை விளக்க முயன்றேன். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் ஏன் கொடுக்க மாட்டார்கள் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நியாயமாகப் படவில்லை. கடைசியில் அவர் நின்று, நிதானமாகச் சொன்னார்.

"நான் இங்கே கொடுக்கிறவர் ஒருவரையும் பார்க்கவில்லை. நர்சை வேறு ஊருக்கு அனுப்புவோம்."

நாச்சாயியின் மருமகள் வாசல் தூணைப் பிடித்தபடி நின்றிருந்தாள். ஏழாம் மாதம். அவள் யாரையும் பார்க்கவில்லை, தெருவில் நின்றிருந்த மாட்டு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

5. "எங்க ஊட்டுல தீட்டு இல்லீங்க"

தெருவின் தென்கோடியில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் நின்றிருந்தாள். மாராயி என்று பெயர், நாச்சாயியின் காட்டில் வேலை செய்கிறவள். கட்டைக் கீழே இறக்கிவிட்டுச் சொன்னாள்.

"எங்க ஊட்டுல தீட்டு இல்லீங்க."

எல்லாரும் திரும்பினோம்.

"எங்க வளவுல ஆருக்கும் தீட்டு இல்லீங்க. கேட்டாப் போடுவோமுங்க. இத்தன நாளா ஆருமே வந்து கேக்கலையே."

ஊர் மணியக்காரரும் அங்கே இருந்தார். "ஏ மாராயி, அம்மன் அண்டாவுல வளவுத் தவசம் விழுகறதா? என்ன பேச்சுப் பேசறே?" என்று சத்தம் போட்டார்.

மாராயி அவரைப் பார்க்கவில்லை. நாச்சாயியைத்தான் பார்த்தாள். "சும்மா போட மாட்டமுங்க சாமி. நர்சம்மா எங்க வளவுக்குப் பட்டப்பகல்ல வரோணும். என்ற மவளுக்கும் மாசம் ஆவுது. அவளும் அந்த ரூமுக்குள்ள வந்து கட்டல்ல படுக்கோணும். வாசல்ல நின்னு மருந்து வாங்கிக்கற பேச்சு வேண்டாமுங்க."

தன் அறை வாசலில் நின்றிருந்த எஸ்தர் உள்ளே போனாள். தான் சோறு பொங்கும் பானையைக் கழுவிக்கொண்டு வந்து தன் வாசற்படியில் வைத்தாள். "இது என் பானை. இதுல யார் போட்டாலும் நான் சாப்பிடுவேன்" என்றாள்.

இனி நாச்சாயிதான் சொல்ல வேண்டும். அறை அவருடையது. அவர் வெற்றிலையை மென்றபடி கோயிலைப் பார்த்தார், மணியக்காரரைப் பார்த்தார், தூணைப் பிடித்திருந்த மருமகளைப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"மணியாரரே, அம்மன் அண்டா அம்மன்கிட்டயே இருக்கட்டுமுங்க. அதுல ஆரும் கை வெக்கல. இது நர்சம்மா பானை." பிறகு மாராயியிடம், "உன்ற மவள வரச்சொல்லு. கட்டலு ஒண்ணுதான் இருக்குது. முந்தி வாரவளுக்கு முந்தி. என்ற மருமவளா இருந்தாலும் அதேதான்" என்றார்.

மணியக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஊரில் அதற்காக நாச்சாயி பட்ட பேச்சு கொஞ்சமில்லை. கொஞ்ச காலம் அவர் வீட்டுக் கிணற்றடிக்குக்கூடச் சிலர் வருவதில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெண்கள் வந்தார்கள். முறத்தில் கொஞ்சம், முந்தானையில் கொஞ்சம். கம்பு, சோளம், ராகி. கூலியாக வாங்கிய தவசம்தான் அவர்களிடம் இருந்தது. துரைசானி அம்மாள் பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது அரிசி இல்லையே?"

"அவங்க சாப்பிடறது இதுதாங்க. அதிலேர்ந்துதான் ஒரு பிடி" என்றேன்.

அவர் கடைசிப் பெண் போட்டு முடிக்கும்வரை வெயிலில் நின்று பார்த்தார். எஸ்தர் அந்த ஊரிலேயே இருக்கலாம் என்று அங்கேயே சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினார். சேலம் வந்தபின் வக்கீல் ஐயா, "அடுத்த சர்க்குலர்ல பிடியரிசின்னு போடாதம்மா. பிடி தானியம்னு போடு" என்றார்.

6. இரண்டு பக்கமும்

அதற்குப் பிறகு ஏற்பாடு நன்றாகவே நடந்தது. தெருவுக்குத் தீட்டென்றால் வளவுப் பெண்கள் போட்டார்கள். வளவிலும் பங்காளிகள் உண்டு, அவர்களுக்கும் தீட்டு உண்டு. அப்போது தெருக்காரர்கள் போட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் மூடினால் என்ன செய்வது என்று கேட்கிற புத்திசாலி மட்டும் எங்களில் யாரும் இல்லை.

சர்க்குலருக்குச் செய்தி எடுக்க நான் மறுபடி அங்கே போனபோது அதுதான் நடந்திருந்தது. மாராயியின் மகளுக்கும் நாச்சாயியின் மருமகளுக்கும் அடுத்தடுத்துப் பிள்ளை பிறந்திருந்தது. கட்டிலுக்கு முந்தி வந்தவள் மாராயியின் மகள். மருமகள் பாயில்தான் பெற்றாள். இரண்டு தாயும் நலம், இரண்டு பிள்ளையும் நலம். எஸ்தரின் பானைதான் காலியாக இருந்தது. யாரிடமும் சொல்லாமல் அவள் முறுக்கும் தண்ணீருமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. பஸ் ஏறிச் சேலத்துக்குப் போய் நாமே அரிசி அனுப்ப வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நாச்சாயி முறத்தில் அரிசியோடு எதிரே வந்தார். தீட்டுக் கழியவில்லை, தலைக்குத் தண்ணீர் வார்க்கவில்லை.

"தீட்டுங்களே?" என்றேன்.

"தீட்டு அரிசி சாமிக்குத்தான் அம்மிணி ஆவாது. புள்ளையக் கையில ஏந்துனவளுக்கு ஏன் ஆவாது?" என்றவர் குரல் உடைந்துவிட்டது. "இவ இல்லாட்டி நான் மறுபடியும் வண்டியில வெறுங்கையோடதான திரும்பி வந்திருப்பேன்!"

அவர் படியில் குனிந்தபோது ஓடைப் பக்கத்திலிருந்து மாராயியும் வந்து சேர்ந்தாள். அவள் முந்தானையில் கம்பு முடிந்திருந்தது. நாச்சாயியின் முறத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"நானும் அதயேதானுங்க நெனச்சுட்டு வாரேன்" என்றாள்.

"அப்பறம் என்னத்துக்கு நிக்கறே? வா, போடு" என்று நாச்சாயி நகர்ந்து படியில் இடம் விட்டார்.

இன்று சங்கம் நடத்துகிற பிள்ளைகள் என்னிடம் வந்து, எந்த நிதியிடம் விண்ணப்பம் போடலாம், தொண்டர்கள் எங்கே கிடைப்பார்கள் என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கூடவே, உங்கள் ஊரில் இதுவரை யார் வீட்டு வாசலில் போய் நீங்கள் கேட்கவில்லை என்று நானும் ஒரு கேள்வி கேட்கிறேன். பாதிப் பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மீதிப் பேர் வேலை செய்கிறார்கள்.